கவரின் பின்பக்கம்

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்தே மூடாப்பு. மழை வருவதாகப் போக்குக் காட்டிவிட்டுச் சிறுமலைப் பக்கம் போய்விட்டது. சூரசம்ஹாரம். பழனி பஸ்ஸில் எல்லாம் படியில் தொங்கல். கடையில் ஈ ஓட்டினோம்.

செய்ய வேண்டியவை:
வத்தலக்குண்டு கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளை படிப்பு தப்பு, திருத்தி அடிக்க.
பசைக்கு மைதா, பூசணம் பிடிக்காமலிருக்க மயில்துத்தம்.
இரண்டாம் தேதி கல்லறைக்குப் பூ சொல்ல.
ஞாயிற்றுக்கிழமை பேச்சு. இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

மத்தியானத்துக்கு முன்னால் ஹனிபா பாய் வந்தார். பேகம்பூர், பரம்பரைத் தோல் வியாபாரம். இப்போது மகன்கள் பார்க்கிறார்கள். பேத்தி நிக்காஹுக்குப் பத்திரிகை மாதிரி பார்க்க வந்தவர். பச்சையில் பொன் எழுத்து எடுத்து வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு சட்டைக்குள் கைவிட்டு, கண்ணாடித் தாளில் போட்ட ஒரு பழைய கவரை எடுத்து மேசையில் வைத்தார்.

கேட்காமலே கையில் எடுத்துவிட்டேன். ஆசையில்தான், வேறென்ன.

அமெரிக்கக் கவர். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகள். தபால்தலையைக் கவரிலேயே புடைப்பாக அச்சிட்டு விற்பார்களே, அந்த வகை. தூரம் அதிகம் என்பதால் கூடுதலாக இரண்டு தலை ஒட்டியிருக்கிறது. முகவரி அவருடைய பாட்டனாரின் தகப்பனாருக்கு. தோல் வியாபாரி, திண்டுக்கல். உள்ளே கடிதம் இல்லை, எப்போதோ போய்விட்டது. பின்பக்கம், ஒட்டு சேரும் இடத்தில், வட்டமாக ஒரு செம்மண் நிற முத்திரை. DINDIGUL.

எனக்கு முன்பக்கம். பாய்க்குப் பின்பக்கம்.

"அமெரிக்காக்காரன் தலை நமக்கு எதுக்கும்மா? இதப் பாருங்க, நம்ம ஊரு பேரு. அந்தக் காலத்துல எங்காளு அனுப்புன தோலு கப்பல்ல போயி, அதுக்குப் பதிலு இம்புட்டுத் தூரம் வந்திருக்கு. நான் எழுத்துக் கூட்டிப் படிச்ச மொத இங்கிலீசு இதுதான். எங்க அத்தா மடியில உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாரு."

ஞாயிறு எங்கள் தபால்தலை மன்றத்தின் கண்காட்சி. அதில் வைக்கக் கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர்.

"வைங்க. அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க பாக்குற மாதிரி எங்க வீட்டுல யாரு பாக்கப் போறா?"

மனிதர் போன பிறகும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறேனே முத்துலட்சுமி, அவள் கேட்டாள்: "என்னக்கா, லவ் லெட்டரா?"

அக்டோபர் 28, செவ்வாய்

தூறல். பத்திரிகை அட்டைகளெல்லாம் நமுத்து வளைகின்றன.

பேச்சுக்குக் குறிப்பு:
அமெரிக்க அரசு தானே கவர் செய்யவில்லை. வெளி ஆளுக்குக் காண்ட்ராக்ட்.
சில வருடத்துக்கு ஒரு தடவை டெண்டர். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு. (நம் ஊர் கதைதான். சிரிப்பார்கள்.)
காகிதம், பசை, மடிப்பு, எல்லாவற்றுக்கும் நிபந்தனை.
ஆள் மாறினாலும் தலை மாறக்கூடாது, அதே முகம். ஆனால் புது ஆள் புதிதாக அச்சு வெட்ட வேண்டும். அதே முகம் கொஞ்சம் முரட்டுத்தனமாக வரும்.
கவர்த் தாளை வெட்டும் இரும்பு அச்சு, டை, அதுவும் மாறும். பிரித்து விரித்தால் பக்க மடிப்பின் வெட்டு ஒவ்வொரு காண்ட்ராக்டுக்கும் வேறு. ஆக, ஒரு கவர் யார் காலத்தது என்று அதன் உடம்பே சொல்லும்.

இந்தக் கடைசி வரியில் எனக்கு ரொம்பப் பெருமை. முப்பது வருடமாகக் கவர் வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள் நான். மன்றத்தில் மற்றவர்களெல்லாம் தலையை மட்டும் பார்ப்பார்கள். கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு மீதிக் கவரைக் குப்பையில் போட்ட மகான்கள் இருக்கிறார்கள்.

சாயங்காலம் மன்றச் செயலாளர் வந்தார். நடராஜன், காலேஜில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் புரொபசர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பழைய காண்ட்ராக்ட்காரர் காலத்துக் கவர் என்றார். நான் புதியவர் காலம் என்றேன். (இனி ப., பு. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) தலை மேல் தபால் முத்திரை அப்பிக் கிடக்கிறது. முகம் முரடா மென்மையா என்று தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறி தெரிகிறது, ஆனால் அது இரண்டு பேர் காலத்திலும் ஒன்றுதான். தேதியும் தெளிவில்லை.

நான் சொன்னேன், பசை அகலத்தைப் பாருங்கள், ப. இப்படிக் கஞ்சத்தனமாகத் தடவ மாட்டார். புரொபசர் சிரித்தார்.

"ஸ்டெல்லாம்மா, நீங்க கவர் ஒட்டுறவங்க. நான் கவரப் படிக்கிறவன். விடுங்க, விளக்க அட்டைய நான் எழுதிக்கிறேன்."

முத்துலட்சுமியை வைத்துக்கொண்டே சொன்னார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை போடவேண்டாம் என்று கடைக்காரனிடம் சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 29, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் கடையில் தப்பாக ஒட்டிய பத்திரிகைக் கவரைப் பிரிக்க இட்லிச் சட்டிதான். தண்ணீர் கொதித்ததும் ஒட்டை ஆவியில் காட்டி, மெல்லிசுக் கத்தியை விட்டால் வாய் பிளந்து கொடுக்கும். வருடத்துக்கு எத்தனை நூறு கவர் பிரித்திருப்பேன். மாப்பிள்ளை பெயரை மாற்றிப் போட்ட பத்திரிகையைப் பிரித்து, உள்தாள் மாற்றி, திரும்ப ஒட்டி, வீட்டுக்காரருக்கே தெரியாமல் கொடுத்திருக்கிறேன்.

முத்துலட்சுமி சாப்பிடப் போனாள். ஷட்டரைப் பாதி இறக்கினேன். இதிலிருந்தே தெரிய வேண்டாமா? நல்ல காரியம் செய்கிறவள் ஷட்டரை இறக்குவாளா?

பக்கவாட்டு ஒட்டு மட்டும், அதுவும் அரை அங்குலம், வெட்டு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். ஆவியில் காட்டினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் காட்டினேன். நூற்றைம்பது வருடப் பசை, என் மைதாப் பசை இல்லை. கல். கத்தியை விட்டேன். திடீரென்று கொடுத்தது. அரை அங்குலத்தில் நிற்கவில்லை, ஒட்டு முழுக்க வந்துவிட்டது.

உள் மடிப்பைப் பார்த்தேன். வெட்டு சாய்வாக வந்து நுனியில் உருண்டிருந்தது. பு.தான். சந்தேகமே இல்லை. நான் சொன்னது சரி.

கை தட்டினேன். தனியாக நின்று, ஐம்பத்தெட்டு வயதில், அடுப்புக்கு முன்னால் கை தட்டினேன். "படிங்க புரொபசர், படிங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதன் பிறகுதான் கவரைத் திருப்பினேன்.

முத்திரை இல்லை.

ஊறிய இடத்தில் கத்தி காகிதத்துக்குள்ளேயே போயிருக்கிறது. மேல்தோல் மட்டும் நனைந்த அப்பளம் போலச் சுருண்டு தனியாக வந்துவிட்டது. முத்திரை அந்தத் தோலில் இருந்தது. தேடினேன். இட்லித் தட்டின் ஓட்டையில் ஒரு துணுக்கு. எடுக்கப் போனதும் கொதிக்கிற தண்ணீருக்குள் விழுந்தது. கரண்டியால் எடுத்தேன். விரலில் கூழாக ஒட்டியது, லேசாகச் சிவப்பு.

கவரில் மிச்சம் ஒரு D, அதுவும் முதுகு மட்டும். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக, சிராய்த்த முழங்கால் மாதிரி.

பாய் இரண்டே நாளைக்கு முன்னால் விரல் வைத்துக் காட்டிய இடம்.

முத்துலட்சுமி வந்து, "என்னக்கா மத்தியானத்துல இட்லி?" என்றாள். ஆமாம் என்றேன். மாவு எங்கே என்று கேட்கவில்லை, அவள் நல்லவள்.

அக்டோபர் 30, வியாழன்

தூக்கம் சரியில்லை. மழை நசநசப்பு. கரண்ட் இரண்டு தடவை போனது.

கவரைத் திரும்ப ஒட்டினேன். அழகாக ஒட்டினேன், அது வேறு. பத்திரிகைக் கட்டுகளை மேலே அடுக்கி அழுத்தம் கொடுத்தேன். முன்பக்கம் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கிறது. கண்காட்சியில் முன்பக்கம்தான் தெரியும். இந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்தது மட்டுமல்ல, ஆறுதலாகவும் இருந்தது.

அதை விடக் கேவலம் ஒன்று.

திங்கட்கிழமை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், முன்பக்கமும் பின்பக்கமும். மத்தியானம் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு, பழைய தாளில், செம்மண் நிறத்தில் மை கலந்து, வட்டம் போட்டுப் பழகினேன். முதல் மூன்றும் குழந்தை வரைந்தது மாதிரி. அடுத்தது பரவாயில்லை. அதற்கடுத்தது எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சரியாக வந்துவிட்டது.

பயந்துபோனேன். கள்ள முத்திரை குத்தி விற்கிறவர்களை மன்றத்தில் நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன். "கை வெட்டணும்" என்று மேடையில் சொன்னவள். எல்லாவற்றையும் கிழித்து, பசை வாளியில் போட்டுக் கரைத்தேன்.

நாளை பேகம்பூர் போய்ச் சொல்லிவிடுவது. நேராக, சுற்றி வளைக்காமல்: "பாய், உங்க கவரை நான் கெடுத்துட்டேன்."

அக்டோபர் 31, வெள்ளி

வெயில். ஜும்மா தொழுகை முடிந்து வந்திருப்பார் என்று மூன்று மணிக்குப் போனேன். பத்திரிகை புரூஃப் கையில், ஒரு சாக்குக்கு.

வீடு முழுக்கக் கல்யாணக் களை. பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். இஞ்சி டீ, முறுக்கு. புரூஃபை வாங்கியவர் படிக்கவே இல்லை, கவரைப் பற்றித்தான் பேச்சு.

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டாளுகளயும் வரச் சொல்லிட்டேன்மா. ஈரோட்டுக்காரங்க. பெரிய எடம். நாங்க என்னமோ நேத்து முளைச்ச ஆளுகன்னு நெனச்சிருக்காக. வந்து பாக்கட்டும், நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடியே எங்க ஊருக்கு அமெரிக்காவுல இருந்து தபால் வந்துச்சுன்னு."

"பாய்..." என்றேன்.

"சொல்லுங்கம்மா."

"பத்திரிகையில வலீமா விருந்து நேரம் போடல. எத்தன மணின்னு போட?"

இதைத்தான் கேட்டேன். எழுதும்போது காது சுடுகிறது. அவர் உள்ளே திரும்பி, "ஏம்மா, வலீமா எத்தன மணிக்கு?" என்று கத்தினார். உள்ளேயிருந்து மூன்று பேர் மூன்று நேரம் சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முறுக்கு வேறு கட்டிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது மணிக்கூண்டுப் பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன், திரும்பிப் போகலாம் என்று. செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்காரர், "எறங்குறீங்களா, போவமா?" என்றார். கடைக்கு என்றேன்.

நவம்பர் 1, சனி

சகல புனிதர் திருநாள், கோவிலில் பெரிய பூசை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல வரிசை நின்றது. நானும் நின்றேன். பாதியில் விலகி வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்வது சுலபம். அவருக்குக் கவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், நானும் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். சொல்ல வேண்டிய ஆள் பேகம்பூரில் இருக்கிறார்.

புரொபசரிடம் கவரைக் கொடுத்தாயிற்று, கண்ணாடித் தாளோடு, முன்பக்கம் மேலாக. என் பேச்சுக் குறிப்பையும் கொடுத்து, நீங்களே பேசிவிடுங்கள் என்றேன். விளக்க அட்டையைக் காட்டினார். ப. காலத்துக் கவர் என்று கொட்டை எழுத்தில். படித்ததும் உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. தப்பு, தப்பு என்று கத்தலாம் போல. என்ன ஜென்மம் நான்? பாயின் ஊரை உரித்து எடுத்தவளுக்கு, அட்டையில் தப்பு இருப்பது பெரிய வேதனை.

பூ: செவ்வந்தி அரைக் கிலோ, மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட்.

நாளை கண்காட்சி தொடங்குவதற்கு முன்னால் பாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 2, ஞாயிறு

காலை கல்லறை. வீட்டுக்காரருக்குப் பூ வைத்துவிட்டு, சும்மா இருக்காமல் நடந்ததைச் சொன்னேன். உயிரோடு இருந்தபோது, "உனக்கு வாயி இருக்குற அளவுக்குத் தைரியம் இல்லடி" என்பார். இன்று அதுகூடச் சொல்லவில்லை.

மண்டபத்துக்குப் பத்தரைக்குப் போனேன். லேட். எனக்கு முன்னால் பாய் வந்துவிட்டார், வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. கூடவே சம்பந்தி வீட்டார் ஐந்தாறு பேர். தனியாகக் கூப்பிட வழியில்லை. வழி இருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா, தெரியாது.

புரொபசர் விளக்கினார். காண்ட்ராக்ட், டெண்டர், தலை, எல்லாம் என் குறிப்பிலிருந்து. சம்பந்தி நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். பிறகு பாயைப் பார்த்து, "ஏனுங்க, உங்க ஊர் முத்திரை இருக்குன்னு சொன்னீங்களே, அதைக் காட்டுங்க பாக்கலாம்" என்றார்.

புரொபசர் கையுறை மாட்டினார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கவரை வெளியே எடுத்துத் திருப்பினார்.

புரொபசர் பூதக்கண்ணாடியைக் கொண்டுபோனார். "என்ன இது? சீல் எங்க? புதுசா உரிஞ்ச மாதிரி இருக்கே..." என்று ஆரம்பித்துத் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். கவர் ஒட்டுகிறவளை.

பாயும் பார்த்தார். முதலில் கவரை. அந்த இடத்தில் விரலை வைத்தார், தடவினார், D-யின் முதுகில் நிறுத்தினார். பிறகு என்னை. என் முகத்தில் எல்லாமே எழுதியிருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு மேல் அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

சிரித்தார்.

"அது புதுசு இல்ல சார், பழசுதான். நான் சின்னப்பயலா இருக்கையில ஈரக்கையோட எடுத்து உரிச்சுப்புட்டேன். எங்க அத்தா வெளுத்து வாங்கிட்டாரு. முத்திரை இருந்த எடம்னுதான் நான் சொல்லுவேன், கேக்குறவுக இருக்குதுன்னு நெனச்சுக்கிறாக." சம்பந்தி பக்கம் திரும்பி, "இந்தா, டி மட்டும் தெரியுது பாருங்க" என்றார்.

சம்பந்தி குனிந்து பார்த்தார். "ஆமாங்க, தெரியுதுங்க" என்றார், மரியாதைக்கு. அவர் வீட்டுப் பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பாயின் காதில் விழுந்தது. கழுத்து சிவந்தது.

எனக்கு வாய் வந்தது. அப்போதுதான் வந்தது, நான்தான் செய்தேன் என்று சொல்ல. ஆனால் சொன்னால் சம்பந்தி முன்னால் அவர் பொய்யர். அவர் எனக்குக் கொடுத்த மறைப்பை நானே கிழிக்க வேண்டும். நின்றேன்.

அவரை மடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தகப்பனார், அவருடைய அத்தா. அடித்ததாக அல்லவா ஊருக்குச் சொல்லிவிட்டார், எனக்காக.

பிரியாணி வந்தது. என்னால் சாப்பிட முடியவில்லை. ஈரோட்டுக்காரர்கள் கிளம்பியதும் பாய் வராந்தாவில் தனியாக நின்றார், செருப்பு மாட்டிக்கொண்டு. போனேன்.

"பாய், அது நான்தான். ஆவியில காட்டி..."

"தெரியும்மா."

"புதன்கிழமையே. வெள்ளிக்கிழமை வந்தது அதச் சொல்லத்தான். சொல்லல."

"ம்."

எனக்கு அழுகை வந்தது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார், கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. அப்படியே கேட்டார்.

"எதுக்கும்மா பிரிச்சீங்க?"

"யாரு காண்ட்ராக்டுல செஞ்சதுன்னு பாக்க."

"தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"உள்ள அட்டையில எழுதி வச்சிருக்காரே, அதா?"

"இல்ல பாய், அது தப்பு. நான் சொன்னதுதான் சரி."

சொல்லும்போது என் குரலில் சந்தோஷம் இருந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.